பழைய சாவி, புதிய பூட்டு: லினக்ஸில் த்ரெட் லைப்ரரி மாறிய கதை

2003 மார்ச் 31-ம் தேதி ரெட் ஹாட் லினக்ஸ் 9 வெளியானது. 8.0-க்கு அடுத்து 8.1 வரும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். நேராக 9 வந்தது. ரெட் ஹாட்டின் வழக்கப்படி முதல் எண் மாறினால் ஒரு அர்த்தம் உண்டு. "பழைய நிரல்கள் இதில் அப்படியே ஓடும் என்று நம்பிவிடாதீர்கள்" என்பதே அது.

எச்சரிக்கை பலித்தது. முந்தைய பதிப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சில நிரல்கள் புதியதில் தொங்கி நின்றன. சில தொடங்கிய வேகத்திலேயே விழுந்தன. சன் நிறுவனத்தின் ஜாவாவில் 1.4.1-க்கு முந்தைய பதிப்புகளுக்கும் ஐபிஎம்மின் ஜாவாவுக்கும் சிக்கல் உண்டு என்று ரெட் ஹாட் தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதி வைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நிரல்களில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அவற்றுக்கு அடியில் இருந்த ஒரு லைப்ரரி மட்டுமே மாறியிருந்தது. அதுவும் மோசமாக மாறவில்லை, முன்பைவிடப் பல மடங்கு நன்றாக மாறியிருந்தது! நல்லதாக மாறிய ஒன்று ஏன் இத்தனை நிரல்களை வீழ்த்தியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கம்பைல் செய்த நிரல் என்றால் என்ன?

ஒரு நிரலை மனிதர் படிக்கும் மொழியில் எழுதுகிறார்கள். அதைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றுவதே கம்பைல் செய்வது. எல்லா நிரலுக்கும் பொதுவான வேலைகள் (கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது போன்றவை) தனியாக ஒரு லைப்ரரியில் இருக்கும். நிரல் ஓடத் தொடங்கும்போது அந்த லைப்ரரியைக் கூடச் சேர்த்துக்கொள்ளும். லினக்ஸில் பெரும்பாலும் இது ஜிலிப்சி எனப்படும் குனு சி லைப்ரரி.

இங்கே இரண்டு விதமான பொருத்தம் இருக்கிறது. லைப்ரரி மாறியபின் மூல நிரலைத் திரும்பக் கம்பைல் செய்தால் ஓடும் என்பது ஒன்று. ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்தது தொடாமலேயே ஓடும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பைனரி பொருத்தம். மூல நிரலைக் கையில் வைத்திருப்பவருக்கு முதலாவது போதும். காசு கொடுத்து நிரல் வாங்கிய நிறுவனத்திடம் மூல நிரல் இருக்காது. அவர்களுக்கு இரண்டாவதை விட்டால் வேறு வழியில்லை.

த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலைகளில் ஒன்று. தமிழில் இழை என்கிறார்கள். ஒரு சமையலறையில் ஒருவர் காய் நறுக்க, ஒருவர் சாதம் வடிக்க, ஒருவர் தாளிக்க, எல்லோரும் அதே அடுப்பையும் பாத்திரத்தையும் பகிர்ந்துகொள்வது போல. யார் எப்போது எதைத் தொடலாம் என்று ஒழுங்குபடுத்தும் வேலை த்ரெட் லைப்ரரியுடையது.

ஒருவர் எழுதிய தற்காலிகத் தீர்வு

த்ரெட்களுக்கான போசிக்ஸ் தரம் 1995-ல் வந்தது. அடுத்த ஆண்டே, 1996-ல், பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சேவியர் லெராய் லினக்ஸ்த்ரெட்ஸ் என்ற லைப்ரரியை வெளியிட்டார். ஒகேமல் மொழியை உருவாக்கியவர்களில் முக்கியமானவரும் இவர்தான்.

அன்றைய லினக்ஸ் கெர்னலுக்கு த்ரெட் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ப்ராசஸ் மட்டும். ஆனால் க்ளோன் என்று ஒரு வசதி இருந்தது. அதன் மூலம் ஒரு ப்ராசஸ் தன் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு ப்ராசஸை உருவாக்கலாம். லெராய் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு த்ரெட்டும் உண்மையில் தனி ப்ராசஸ். அவற்றை மேய்க்க மேனேஜர் த்ரெட் என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும்.

இருந்த கருவிகளை வைத்துக்கொண்டு செய்ததில் இது கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் தரம் சொன்னதற்கும் இதற்கும் இடைவெளி இருந்தது. ஒரு நிரலின் எல்லா த்ரெட்டுக்கும் ப்ராசஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது போசிக்ஸ். லினக்ஸ்த்ரெட்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒரு சிக்னல் வந்தால் அது நிரல் முழுமைக்கும் பொது என்கிறது போசிக்ஸ். இங்கோ எந்த எண்ணுக்கு அனுப்பினார்களோ அந்த த்ரெட்டுக்கு மட்டுமே போகும். ஒரு நிரலில் 1024 த்ரெட்டுக்கு மேல் உருவாக்கவும் முடியாது.

இந்தக் குறைகளோடு லினக்ஸ்த்ரெட்ஸ் ஜிலிப்சியில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான நிரல்கள் அதன் மேல் எழுதப்பட்டன. எழுதியவர்கள் தரத்தைப் படித்துவிட்டு எழுதினார்களா? சிலர் படித்தார்கள். பலர் எழுதி, ஓட்டிப் பார்த்து, ஓடினால் விட்டுவிட்டார்கள். அதாவது லினக்ஸ்த்ரெட்ஸின் குறைகளுக்கு ஏற்ப நிரல்களை வளைத்தார்கள். பின்னால் வந்த தலைவலிக்கு விதை இங்கேதான் விழுந்தது.

இரண்டு போட்டியாளர்கள்

2000-க்குப் பிறகு லினக்ஸ் பெரிய சர்வர்களில் நுழைந்தது. ஜாவா போன்றவை த்ரெட்களை அள்ளி அள்ளிக் கேட்டன. பழைய லைப்ரரி தாங்கவில்லை.

ஐபிஎம் குழு ஒன்று என்ஜிபிடி என்ற மாற்றை உருவாக்கியது. நிறைய த்ரெட்களைக் கெர்னலின் கொஞ்ச வேலையாட்களுக்குப் பிரித்துத் தருவது அதன் முறை. ரெட் ஹாட்டில் உல்ரிக் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் வேறு பாதையில் போனார்கள். ஒரு த்ரெட்டுக்குக் கெர்னலில் ஒரு வேலையாள், அவ்வளவுதான். அதற்குத் தேவையான மாற்றங்களைக் கெர்னலிலேயே செய்துவிடுவது. இதன் பெயர் என்பிடிஎல். 2002 செப்டம்பரில் இதை அறிவித்தார்கள்.

இதற்கு ஃபியூடெக்ஸ் என்ற புதிய பூட்டும் கைகொடுத்தது. ரஸ்டி ரஸ்ஸல், ஹூபர்டஸ் ஃபிராங்க் ஆகியோரின் வேலை அது. பூட்டுக்குப் போட்டி இல்லாதபோது கெர்னலைக் கூப்பிடவே தேவையில்லை என்பது அதன் சிறப்பு.

அறிவிப்பில் இருந்த ஒரு கணக்கு எல்லோரையும் அசரவைத்தது. 32 பிட் இன்டெல் கணினியில் ஒரு லட்சம் த்ரெட்களைத் தொடங்கி முடிக்கப் புதிய முறையில் 2 வினாடி ஆனது. கெர்னலில் அந்த மாற்றங்கள் இல்லாதபோது அதே வேலைக்குச் சுமார் 15 நிமிடம்! 2003-ல் என்ஜிபிடி திட்டம் கைவிடப்பட்டது. களத்தில் என்பிடிஎல் மட்டும் நின்றது. 2.6 கெர்னல் வெளியாக 2003 டிசம்பர் வரை ஆனது. அதுவரை ரெட் ஹாட் பொறுக்கவில்லை. வேண்டிய மாற்றங்களைத் தன் 2.4.20 கெர்னலிலேயே சேர்த்து மார்ச்சில் 9-ஐ வெளியிட்டுவிட்டது.

உடைந்தவை என்னென்ன?

முதலில் ப்ராசஸ் எண். பழைய முறை வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரேஷன் கார்டு கொடுத்தது போல. புதிய முறை குடும்பத்துக்கு ஒரே கார்டு. தரம் கேட்டதும் இதைத்தான். ஆனால் "கார்டு எண் வேறு என்றால் ஆள் வேறு" என்று கணக்கு வைத்திருந்த நிரல் குழம்பியது. எல்லா த்ரெட்டும் அதற்கு ஒரே ஆளாகத் தெரிந்தன.

அடுத்தது எர்நோ. ஒரு வேலை தோற்றால் ஏன் தோற்றது என்ற எண்ணை எழுதி வைக்கும் இடம் அது. த்ரெட்கள் இல்லாத காலத்தில் அது ஊருக்குப் பொதுவான ஒரு கரும்பலகை. பலர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். ஆகவே ஆளுக்கொரு சிலேட்டு தேவை. முறைப்படி அதற்கான ஹெடர் கோப்பைச் சேர்த்து எழுதிய நிரலுக்குச் சரியான சிலேட்டு தானாகக் கிடைத்துவிடும். ஆனால் பழைய காலத்து சி நிரலாளர்கள் ஹெடரைச் சேர்க்காமல், "எர்நோ என்று ஒரு பொது எண் எங்கோ இருக்கிறது" என்று தாங்களே ஒரு வரி எழுதிக்கொள்வார்கள். லினக்ஸ்த்ரெட்ஸ் காலத்தில் முதல் த்ரெட்டின் சிலேட்டும் அந்தப் பழைய கரும்பலகையும் ஒன்றாகவே இருந்ததால் பலருக்கு அந்தக் குறுக்குவழி ஓடியது. என்பிடிஎல் வந்தபோது கரும்பலகையே கழற்றப்பட்டது.

இதில் அடிபட்டவை அனாமதேய நிரல்கள் மட்டுமல்ல. பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற க்யூமெயில் என்ற அஞ்சல் சர்வரின் மூல நிரலில் அந்த ஒரு வரி இருந்தது. புதிய ஜிலிப்சியில் அதைக் கம்பைல் செய்தவர்கள் அந்த வரியை எடுத்துவிட்டு ஹெடரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு வரி மாற்றம்தான். ஆனால் மூல நிரல் கையில் இருந்தால்தான் அந்த ஒரு வரியையும் மாற்ற முடியும்.

மூன்றாவது, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன். அது த்ரெட் லைப்ரரியைக் கேட்காமல் நேராகக் கெர்னலிடமே க்ளோன் வாங்கி த்ரெட் உருவாக்கி வந்தது. புதிய லைப்ரரியிலோ ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இடம் ஒதுக்கிப் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் பிறந்த த்ரெட்கள் தடுமாறின. வைன் குழுவினர் பழைய முறைக்கு ஒன்றும் புதிய முறைக்கு ஒன்றுமாக இரண்டு தொடக்க நிரல்களை வைத்து சமாளித்தார்கள்.

உழக்குக்குள் ஒரு படி

எல்லாவற்றையும்விட நுட்பமான சிக்கல் அளவில் இருந்தது. ஒரு த்ரெட் இன்னொன்றின் வேலை முடியும்வரை காத்திருக்க கண்டிஷன் வேரியபிள் என்ற ஒன்று உண்டு. அதற்கான இடத்தை நிரல் தன் நினைவகத்தில் ஒதுக்கும். எவ்வளவு இடம் என்பது கம்பைல் செய்யும்போதே எண்ணாக உள்ளே பதிந்துவிடும். 32 பிட் இன்டெல் கணினியில் பழைய லினக்ஸ்த்ரெட்ஸுக்கு அது 12 பைட். என்பிடிஎல்லுக்கு 48 பைட்.

போசிக்ஸ் தரம் இந்த அளவைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெயரையும் நடத்தையையும் மட்டும் சொல்கிறது. அதாவது மூல நிரல் பொருத்தத்துக்குத் தரம் காவல். பைனரி பொருத்தத்துக்கு லைப்ரரியைப் பராமரிப்பவரின் கவனம் மட்டுமே காவல்.

நான்கு உழக்கு ஒரு படி. உழக்கை நீட்டுபவரிடம் ஒரு படி அரிசியைக் கொட்டினால் மூன்று பங்கு தரையில்தான். கணினியில் அந்தத் தரை என்பது பக்கத்தில் இருக்கும் வேறு யாருடைய தகவலோ.

ஜிலிப்சிக்காரர்கள் இதற்குச் செய்த தீர்வு அழகானது. ஒவ்வொரு செயல்பாட்டின் பெயரோடும் ஒரு பதிப்பு முத்திரை இருக்கும். 2.0 முத்திரையோடு கேட்டால் பழைய நிரல், உழக்கு கொண்டுவந்திருக்கிறது என்று பொருள். 2.3.2 முத்திரையோடு கேட்டால் புதியது, படி கொண்டுவந்திருக்கிறது. உழக்குக்காரருக்கு லைப்ரரி வேறு இடத்தில் ஒரு படி அளவு இடம் ஒதுக்கி, "உன் அரிசி அங்கே இருக்கிறது" என்று ஒரு சீட்டை மட்டும் உழக்குக்குள் போட்டுவிடும். சீட்டு உழக்கில் அடங்கும். பழைய நிரலுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

இந்த முறையால் காப்பாற்றப்பட்ட நிரல்கள் ஏராளம். ஆனால் அளவு மாறினால்தான் இந்த வித்தை பலிக்கும். நடத்தையை நம்பி எழுதியவர்களை முத்திரை காப்பாற்றாது.

அரை டிக்கெட்

அவர்களுக்காக ரெட் ஹாட் இன்னொரு ஏற்பாடு செய்தது. ஒரே கணினியில் மூன்று த்ரெட் லைப்ரரிகள். ஒன்று புதிய என்பிடிஎல். மற்ற இரண்டும் பழைய லினக்ஸ்த்ரெட்ஸின் இரு வடிவங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் "எனக்குக் குறைந்தபட்சம் இந்தக் கெர்னல் வேண்டும்" என்று ஒரு குறிப்பு இருக்கும். நிரலைத் தொடங்கிவைக்கும் லோடர் அதைப் பார்த்துப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும்.

இங்கேதான் எல்டி_அசூம்_கெர்னல் என்ற சூழல் மாறி வருகிறது. அதில் 2.4.1 என்று எழுதிவிட்டால், "இது பழைய கெர்னல் போலிருக்கிறது" என்று லோடர் நினைத்துக்கொண்டு என்பிடிஎல்லை ஒதுக்கிவிட்டு லினக்ஸ்த்ரெட்ஸை எடுக்கும். 2.2.5 என்று எழுதினால் அதையும்விடப் பழைய வடிவம். பஸ்ஸில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் வாங்குகிற கதைதான்.

உடனே பலன் கிடைத்தது. பழைய ஜாவா ஓடியது, எர்நோ தவறு செய்த நிரல்களும் ஓடின. இணையத்தில் யார் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் இந்த ஒரு வரியைப் போட்டுப் பார் என்பது கைவைத்தியமாகிவிட்டது. நிறுவனங்கள் தங்கள் தொடக்க ஸ்கிரிப்டுகளில் அந்த வரியை எழுதி வைத்தன. எழுதியபின் மறந்தும் போயின.

மருந்தே நோயானது

2006 மார்ச்சில் ஜிலிப்சி 2.4 வந்தது. மூன்று ஆண்டு அவகாசம் போதும் என்று லினக்ஸ்த்ரெட்ஸ் அதிலிருந்து நீக்கப்பட்டது. அதே மாதம் ஃபெடோரா கோர் 5 அதைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் பயன்படுத்தும் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5-ம் 2007 மார்ச்சில் பழைய லைப்ரரி இல்லாமல் வந்தது.

இப்போது அந்தப் பழைய வரியின் கதியைப் பாருங்கள். கணினியில் இருப்பது ஒரே லைப்ரரி. அது 2.6 வரிசைக் கெர்னல் வேண்டும் என்கிறது. ஸ்கிரிப்டோ லோடரிடம் "கெர்னல் 2.4" என்று இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. லோடர் அந்த ஒரே லைப்ரரியையும் நிராகரித்துவிட்டு, "லைப்ரரியே இல்லை" என்று கைவிரித்தது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது! சூழல் மாறி என்பதால் அந்தப் பொய் அங்கிருந்து தொடங்கும் எல்லா நிரலுக்கும் ஒட்டிக்கொள்ளும். கோப்புகளைப் பட்டியலிடும் சாதாரண எல்எஸ் கட்டளைகூட ஓடாது. அரை டிக்கெட் அச்சடிப்பதையே நிறுத்திய பிறகும் பிள்ளைக்கு நாலு வயது என்று சாதித்தால் பஸ்ஸில் ஏறவே முடியாதல்லவா?

இதில் பெரிதாகப் பேசப்பட்டது ஆரக்கிள் 10ஜி. அதன் கிளஸ்டர் மென்பொருளில் விஐபிசிஏ, எஸ்ஆர்விசிடிஎல் என்ற இரண்டு ஸ்கிரிப்டுகளில் 2.4.19 என்ற பொய் எழுதப்பட்டிருந்தது. புதிய லினக்ஸில் அதை நிறுவியவர்களுக்கு, த்ரெட் லைப்ரரி கிடைக்கவில்லை என்ற பிழை வந்தது. அந்த மாறியை நீக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்ப்பதுதான் தீர்வு. ஒரு காலத்தில் உயிர் காத்த வரியை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலை.

யார் மேல் தப்பு?

சட்டப்படி பார்த்தால் என்பிடிஎல் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது தரத்தை மீறவில்லை, நெருங்கி வந்தது. தவறு ஹெடரைச் சேர்க்காதவர்களுடையது, ப்ராசஸ் எண்ணை நம்பியவர்களுடையது. டிரெப்பர் தரப்பின் வாதமும் ஏறக்குறைய இதுதான். தவறாக எழுதிய நிரலைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் கம்பைல் செய்த நிரல் திருந்தாது. அதை எழுதிய நிறுவனம் மூடியிருக்கலாம். புதிய பதிப்புக்கு மறுபடி காசு கேட்கலாம். தவறு செய்தவர் நிரலாளர், வேகத்தின் லாபம் புதிய சர்வர் வாங்குபவருக்கு, செலவு மட்டும் பழைய நிரலை நம்பித் தொழில் நடத்துபவருக்கு. வணிகக் கணக்கில் பார்த்தால் இந்தப் பற்று வரவு ஒரே பேரேட்டில் எழுதப்படவே இல்லை. அதனால்தான் இரு தரப்பும் தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்தார்கள்.

ஏட்டில் எழுதியது மட்டும் ஒப்பந்தம் இல்லை. ஏழு வருடம் ஒரு லைப்ரரி ஒரு விதமாக நடந்துகொண்டால், அந்த நடத்தையும் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. வழக்கம் என்பது எழுதாத சட்டம். லினக்ஸ் கெர்னல் பக்கத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கறாராகவே பிடித்துக்கொண்டிருக்கிறார். தவறான நடத்தையை நம்பிய நிரலாக இருந்தாலும், கெர்னல் மாறியதால் அது உடைந்தால் தவறு கெர்னலுடையது என்பது அவருடைய விதி. லைப்ரரிகளின் உலகில் அப்படி ஒரே குரல் இருந்ததில்லை.

அதற்காகப் பாடம் கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.34 வந்தது. த்ரெட் லைப்ரரி என்று தனியாக ஒன்று வேண்டாம் என்று முடிவு செய்து, அதன் வேலைகளை எல்லாம் முக்கிய சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 2003-ஐப் போலவே பெரிய மாற்றம். ஆனால் இம்முறை பழைய பெயரில் ஒரு கோப்பைக் கிட்டத்தட்ட வெறும் கூடாக விட்டுவைத்தார்கள். பழைய நிரல் அந்தப் பெயரைத் தேடி வந்தால் கோப்பு இருக்கும், வேலை வேறு இடத்தில் நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது.

2.0 முத்திரையோடு உழக்கை நீட்டும் 32 பிட் நிரல்களுக்காக எழுதிய அந்தச் சீட்டு ஏற்பாட்டையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. அப்படி ஒரு நிரல் எங்காவது ஒரு பழைய அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கலாம். அதன் மூல நிரல் தொலைந்து போயிருக்கலாம். அது அடுத்த மாதமும் பட்டியல் போட வேண்டும் அல்லவா!